அரை மணி நேரம்

முட்டை அட்டையில் பத்துக் குழி.
எனக்கு எட்டுப் போதும்.
ஓரத்தில் நீலப் பேனாவால் எண் போட்டேன்,
பெல்ட் பக்கம் எது என்று ஓர் அம்புக்குறியும்.
என் மறதி எனக்குத் தெரியும்.

வெளியே கரகாண்டா.
பூஜ்யத்துக்குக் கீழே இருபத்தேழு.
பனிமேல் கரிப்புகை படிந்து
தெருவே பழைய கேஸ்கட்டின் நிறத்தில் கிடந்தது.

காந்தத்தால் டேப்பெட்டுகளை உருவினேன்.
ஈரக் கையுறையிலிருந்து விரல் வருவது போல
ஒவ்வொன்றும் முரண்டு பிடித்து,
பிறகு சட்டென்று வந்தது.
வழுக்கை கீழே, வாய் மேலே.
கவிழ்த்து வைத்தால் வயிற்று எண்ணெய் வடிந்துவிடும்;
அப்புறம் ஓட்டுகிறவனை
முதல் நாள் முழுக்கக் கடகடவென்று திட்டும்.

மூன்று லட்சம் கிலோமீட்டர்
ஒரே மூக்கிடம் குட்டு வாங்கிய தலைகள்.
இடம் மாறினால் உடனே சண்டை வராது.
மெல்லத் தேயும்.
வசந்தத்தில் பனி இளகும்போது
ஒரு சத்தம் கேட்கும்,
கூடவே என் பெயரும்.

வண்டிக்காரர் குவானிஷ்,
தெமிர்த்தாவுக்கு ஆள் ஏற்றுகிறவர்,
அடுப்பருகே கைகளைத் தேய்த்தபடி கேட்டார்:
"எல்லாம் ஒன்றுதானே, ரைகான்?"
"என் பூட்ஸைப் போட்டுக்கொண்டு வீட்டுக்குப் போவீர்களா?"
தன் காலைப் பார்த்தார். என் காலையும்.

இரண்டாம் நாள்
கடைசல் பட்டறையிலிருந்து ஹெட்டை எடுத்து வரப் போனேன்.
கடையில் அவர் மட்டும்.
மேலே ஒரு துணி போட்டிருக்கலாம் நான்.

சனிக்கிழமை மதியம் எல்லாம் ஏறிவிட்டது.
ஒன்றுக்கு ஒன்று, எட்டுக்கு எட்டு,
விரலால் எண்ணெய் தடவி, தானாக இறங்கும் வரை பொறுத்து,
கேம் ஷாஃப்டை வைத்து, மூடிகளை
நடுவிலிருந்து கால் சுற்று, கால் சுற்றாக இறுக்கினேன்.

இனி அரை மணி நேரம் சாவியைத் தொடக்கூடாது.
டேப்பெட்டுகள் கொஞ்சம் எண்ணெய் கக்கித்
தங்கள் உயரத்துக்கு இறங்க வேண்டும்.
அவசரப்பட்டால் வால்வு போய் பிஸ்டனை முட்டும்.
இந்த வேலையில்
ஒன்றும் செய்யாதே என்று எழுதியிருக்கும் இடம் இது ஒன்றுதான்.

தேநீர் ஊற்றினேன்.
சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார். கோப்பையைப் பார்த்தார்.
பதினோராம் நிமிடத்தில் சொன்னார்:
"நேற்று நீ இல்லாதபோது
இரண்டை எடுத்துப் பார்த்தேன்.
மூன்றும் ஆறும்.
இந்தக் கையில் ஒன்று, அந்தக் கையில் ஒன்று.
இவ்வளவு சின்னதா என்று இருந்தது.
அப்போது போன் அடித்தது.
திரும்ப வைத்தபோது
எந்தக் கையில் எது என்று..."

அடுப்பில் கரி ஒன்று சரிந்தது.

கோபம் வந்தது. அதற்கும்
அரை மணி நேரம் கொடுத்திருக்க வேண்டும்.
கொடுக்கவில்லை. நான் சொன்னவை
எழுதத் தக்கவை அல்ல.
அவர் தொப்பியைக் கழற்றிக் கேட்டுக்கொண்டார்.

மூடியைத் திறந்தேன். மறுபடி கால் சுற்று, கால் சுற்று.
அவர் விளக்கைப் பிடித்தார். ஆடாமல் பிடித்தார்.
மூன்றையும் ஆறையும்
வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தேன்.
இரண்டிலும் அதே மங்கல் வட்டம்.
நகத்துக்கும் எட்டவில்லை வித்தியாசம்.

"சரியாகவே வைத்திருப்பேனோ என்னவோ" என்றார்.
"இருக்கலாம்" என்றேன்.
"ஆனால் உங்கள் பணத்துக்கு நான் சீட்டாட மாட்டேன்."

புதிதாய் இரண்டு வாங்க வேண்டும்.
உதிரிபாகக் கடை இனி திங்கட்கிழமைதான்.
இரண்டு நாள் சவாரி போயிற்று அவருக்கு.
விலையில் பாதி என்னுடையது என்றேன், அந்தத் துணிக்காக.
பேரம் பேசவில்லை.

பழைய இரண்டையும் கேட்டார்.
துடைத்துக் கொடுத்தேன்.
கோட்டுப் பையில் போட்டுக்கொண்டு
பேருந்து நிறுத்தம் வரை நடந்தார்.
பனியில் வேறு ஓசையே இல்லை.
ஒவ்வோர் அடிக்கும்
அவை ஒன்றையொன்று இடித்துக்கொள்வது
திருப்பம் வரை கேட்டது.