மாடிப் போர்ஷன்

ஐகிரவுண்டு ஆஸ்பத்திரியில்
இரவு டூட்டி முடித்து
ஏழரைக்குப் படியேறினால்
எனக்கு முன்னால் வந்து நிற்கிறது
தண்ணீர்த் தொட்டி மேல்.

பங்குனியில் ஒன்று.
சித்திரையில் மூன்று பெட்டைகளும் கூட.
மகாராஜ நகருக்குப் பின்னால்
உடைமரக் காட்டை வழித்துப் பிளாட் போட்டு
மஞ்சள் கல் நட்டுவிட்டார்கள்.
அட்வான்ஸ் கேட்காத மாடி
இதுதான் போல.

அகவும் என்று எழுதி
பள்ளிக்கூடத்தில் மார்க் வாங்கியிருக்கிறேன்.
பத்தடி தூரத்தில் கேட்டால் தெரியும்:
துருவேறிய இரும்புக் கேட்டுக்குப்
பிரசவ வலி எடுத்த மாதிரி.

தூக்கத்துக்குள் அது
'சிஸ்டரே' என்று விழும்.
ஏழாம் கட்டில் ஆவுடைத்தாய்
அப்படித்தான் கூப்பிடுவாள்,
கடைசி எழுத்தை மேலே ஏற்றி.
'இந்தா வாரேன்' என்று எழுந்து
செருப்பைத் துழாவுவேன்.
வெளியே உச்சி வெயில்.
ஜன்னல் கம்பிக்கு அந்தப் பக்கம்
ஒரு நீலக் கழுத்து
தலையைச் சாய்த்து
என்னை விசாரிக்கும்.

வீட்டுக்காரர் பிரமநாயகம் அண்ணாச்சி
மின்வாரியத்தில் இருந்து ஓய்வு பெற்றவர்.
பி.எஃப். பணத்தில் வாங்கிய காரின் கதவில்
தன்னையே எதிராளியாகக் கண்டு
கொத்திக் கொத்தி
அம்மைத் தழும்பு வைத்துவிட்டது மயில்.
ஆனாலும் கை ஓங்க மாட்டார்.
வருஷா வருஷம் தைப்பூசத்துக்குத்
திருச்செந்தூருக்கு நடக்கிறவர்.

ஒருநாள் படியேறி வந்து
குரலைத் தாழ்த்திச் சொன்னார்:
'எம்மா எஸ்தரு,
நான் விரட்டுனா முருகன் கேப்பாம்லா.
நீங்க வேதக்காரங்க.
ஒங்களுக்குத் தோஷமில்ல, பாத்துக்கிடுங்க.'

வாடகையில் இருநூறு குறைப்பீர்களா என்றேன்.
சிரித்துக்கொண்டே இறங்கிப் போனார்.

எவர்சில்வர் தட்டைக் கரண்டியால் அடித்தேன்.
எதிர்வீட்டுக் கைக்குழந்தைதான் எழுந்தது.
பழைய கன்வென்ஷன் சிடிக்களைக்
கயிற்றில் கட்டித் தொங்கவிட்டேன்.
அதிலும் எதிராளி இருந்தான்;
மூன்றாம் நாள் பிரசங்கம்
இரண்டு துண்டாகத் தரையில் கிடந்தது.
தீபாவளி மிச்சத்துச் சரத்தைக் கொளுத்தினேன்.
ஒவ்வொரு வெடிக்கும்
மரியாதையாகப் பதில் சொன்னது.
வனத்துறைக்குப் போன் போட்டேன்.
'தொட்டுராதீங்கம்மா, ஜாமீன் கிடையாது.
தேசியப் பறவை.'
தேசம் பகலில் தூங்காதோ
என்று கேட்குமுன் வைத்துவிட்டார்.

ஆவணிக் கடைசியில்
உதிர ஆரம்பித்தது.
மாடிப்படியில் ஒரு கண்,
துணிக்கொடிக்குக் கீழே இரண்டு.
அண்ணாச்சி மகள் பொறுக்கிப்போய்
சாமி படத்துக்குப் பின்னால் சொருகினாள்.
புரட்டாசியில்
தொட்டி மேல் நின்றது
நீலச் சட்டை போட்ட வான்கோழி.

அன்றைக்குச் சத்தம் கேட்டு எட்டிப் பார்த்தால்
அண்ணாச்சி கையில் ஒட்டடைக் கம்பு.
'ஏ சவத்து மூதி, போ அங்கிட்டு!'
பாத்ரூம் செருப்பு ஒன்று
பறந்துபோய்த் தொட்டியில் பட்டு விழுந்தது.

'முருகன்?' என்றேன்.

'தோகையே இல்லியே.
இப்பம் இது கோழி கணக்குதான்.'

'தையில முளைச்சிரும் அண்ணாச்சி.
நீங்க மறந்தாலும்
அதுக்கு ஞாபகம் இருக்கும்.'

கொஞ்ச நேரம் நின்றார்.
கம்பைச் சுவரில் சாய்த்துவிட்டு
ஒற்றைச் செருப்பைத் தேடப் போனார்.
அது அகவியது,
இருவருக்கும் பொதுவாக.

நேற்றிரவு
ஏழாம் கட்டிலில் புது விரிப்பு விரித்தேன்.
மூன்று மணி. வார்டு முழுக்க
மருந்துத் தூக்கம்.
காம்பவுண்டு வேப்பமரத்திலிருந்து
ஒரு குரல்,
கடைசி எழுத்தை மேலே ஏற்றி.

'இந்தா வாரேன்'
சொல்லிப் பாதி எழுந்தவள்
நாற்காலிப் பிடியைப் பற்றிக்கொண்டு
அப்படியே நின்றேன்.
நல்லவேளை, ஒருவரும் பார்க்கவில்லை.

இங்கேயும் வந்துவிட்டது, சனியன்.