சுவர் ஆடுது

கல்யாணமாகி மூன்றாம் வாரம்.
நியூலின் துறைமுகத்துக்கு மேலே, வாடகை வீட்டில்,
இரவல் வாங்கிய வீடியோப் பெட்டியில்,
'ஒன்பதாம் மிதவை'யின் தளபதி
படாரென்று ஒரு கதவைத் திறந்தான்.
விண்வெளி நிலையம் மொத்தமும்
கொடியில் போட்ட ஈரத்துணியாய் நடுங்கியது.
"சுவர் ஆடுது" என்றேன்.
நான் பூச்சுவேலை செய்கிறவன்.
சுவர் விஷயத்தில் வாயை அடக்கத் தெரியாது.
லவ்டே என் பக்கம் திரும்பினாள்.
நெடுநேரம் பார்த்தாள், படத்தை நிறுத்தாமல்.
பிறகு சொன்னாள்:
"ஆடட்டும் ஜேகோ. நீ ஆடாமல் உட்கார்."

உட்கார்ந்தேன். நாற்பத்தோரு வருடமாக.

அந்தப் பஞ்சு அரக்கனை நீங்கள் பார்க்க வேண்டும்.
மூன்று கிரகங்களைத் தின்றவனாம்.
எனக்குத் தெரிந்து அது குளியலறைப் பஞ்சு,
பச்சைச் சாயம் சரியாய்ப் பிடிக்காதது.
"காசில்லாமல் எடுத்தார்கள்" என்பாள்.
"காசில்லாமல்தான் நானும் வேலை பார்க்கிறேன்,
என் சுவர் நிற்கிறதே" என்பேன்.
மூத்தவனுக்குத் தளபதியின் பெயரை வைக்கப் பார்த்தாள்.
முடியவே முடியாது என்றேன்.
நடுப்பெயராக நுழைத்துவிட்டாள்.
பள்ளிக்கூடத்தில் அவன் பட்ட பாடு தனிக்கதை.

எக்ஸெட்டரில் வருடாவருடம் ரசிகர்கள் கூடுவார்கள்.
வேன் ஓட்டுவது என் பொறுப்பு.
அவள் வெள்ளித் தொப்பியோடு உள்ளே போவாள்.
நான் வண்டி நிறுத்துமிடத்தில்
பேஸ்டி தின்றபடி மழையைப் பார்ப்பேன்.
ஒருமுறை ஒரு பாதிரியார்,
கழுத்துவரை பச்சைப் பஞ்சு,
கண்ணாடியைத் தட்டினார்.
மேடையிலிருந்த மிதவை உடைந்துவிட்டதாம்.
வெளியே ஒரு பூச்சுக்காரர் இருக்கிறார் என்று
யாரோ சொன்னார்களாம்.
ஒரு கை சாந்து குழைத்துக் கொடுத்தேன்.
அது உதவி. பக்தி இல்லை.
வேலை சுத்தமாக வந்தது, அது வேறு விஷயம்.

போன மார்ச்சில் ஒரு கடிதம்.
நான்காம் வருடத்தின் இரண்டாம் எபிசோட்
உலகத்தில் எங்கேயும் இல்லையாம்.
நாடா விலை அதிகமென்று
தொலைக்காட்சிக்காரர்களே அதன்மேல்
குதிரைப் பந்தயத்தைப் பதிந்துவிட்டார்கள்.
ஆனால் பதினொரு வயது லவ்டே
டிவிக்கு முன்னால் மண்டியிட்டு,
மைக்கை நீட்டி, மூச்சைப் பிடித்துக்கொண்டு,
குரல்களை மட்டும் ஒரு கேசட்டில் அள்ளி வைத்திருக்கிறாள்.
அதைத்தான் கேட்டிருந்தார்கள்.
'பின்னணியில் உள்ள வீட்டுச் சத்தங்களை
நாங்களே நீக்கிக்கொள்கிறோம்.'

அனுப்புமுன் சமையலறையில் ஒருதடவை ஓடவிட்டோம்.
இரைச்சல். தளபதி யாரையோ அழைக்கிறான்.
கரண்டி விழுகிறது. எங்கோ ஒரு நாய்.
பன்னிரண்டாம் நிமிடம் ஒரு கதவு,
மிதவையுடையதா வீட்டுடையதா தெரியவில்லை,
படாரென்று.
பின்னாலேயே ஓர் ஆண்குரல்,
கானாங்கெளுத்திப் படகிலிருந்து
அப்போதுதான் இறங்கி வந்த குரல்,
உப்பும் அலுப்புமாய்:
"சுவர் ஆடுது பார், பெண்ணே."

என் மாமனாரை நான் பார்த்ததில்லை.
புகைப்படத்திலும் தொப்பி நிழல்
பாதி முகத்தை எடுத்துக்கொண்டது.
லவ்டே ஒன்றும் சொல்லவில்லை.
குவளையின் விளிம்பை
விரலால் துடைத்துக்கொண்டே இருந்தாள்.
எத்தனை வருடமாய் உனக்கு இது தெரியும் என்று
கேட்க வந்தேன். கேட்கவில்லை.

பதிலை நான்தான் எழுதினேன், பிழைகளோடு.
நீக்குவதானால் நாடா வராது.
வேண்டுமானால் தளபதியின் குரலைக்
குறைத்துக்கொள்ளுங்கள்.

இப்போது வியாழன் இரவுகளில்
விளக்கை அணைத்துவிட்டுக் கேட்கிறோம்.
படம் கிடையாது. ஆடுவதற்குச் சுவரும் கிடையாது.
பன்னிரண்டாம் நிமிடம் நெருங்கும்போது
வாயை மூடிக்கொள்கிறேன்.
அது அவருடைய வசனம்.

அப்புறம் பஞ்சு அரக்கன் வருவான்,
இருட்டில், வெறும் சத்தமாய்.
அவளிடம் ஒத்துக்கொள்ள மாட்டேன்.
கொஞ்சம் பயமாகத்தான் இருக்கிறது.