ஏழாவது வரி

தார்த்து நகரப் பேருந்துப் பணிமனை,
இரண்டாம் மாடி, சம்பளப் பிரிவு.
முந்நூற்றுப் பன்னிரண்டு பேரின் பிடித்தங்கள்
என் விரல் வழியாகத்தான் போகின்றன.
யாருக்கு ஜீவனாம்சம், யாருக்கு நீதிமன்றக் கடன்,
யார் பல் கட்டத் தவணை வாங்கினார்,
எல்லாம் தெரியும் எனக்கு.
அதனால் ஓட்டுநர்கள் என்னைக் கண்டால்
வானிலையை மட்டும் பேசுவார்கள்.

என் சீட்டில் மட்டும்
ஏழாவதாக ஒரு வரி.
அரசு போட்ட வரிகள் மேலே இருக்கின்றன.
இது நானே தட்டச்சு செய்தது.
நூற்றுக்குப் பத்து.
போகுமிடம்: மலாவி, சிரே ஆற்றங்கரை,
யாருடையதென்று தெரியாத ஒரு கைப்பேசி.

தொண்ணூற்றிரண்டில் எங்களுக்கும் வந்தது உதவி.
சுவீடனிலிருந்து அட்டைப்பெட்டிகள்.
ரூபிள் செத்து, குரோன் பிறந்த வருடம்.
எனக்குப் பதினொன்று.
எங்கள் பங்குக்கு இரண்டு பனிச்சறுக்குக் காலணி,
இரண்டுமே இடது காலுக்கு.
அப்பாவுக்கு வேண்டியிருந்தது
மின்கட்டணம் கட்டக் காசு.
காசாகத் தந்தால் குடித்துவிடுவோமென்று
பெட்டி கட்டியவர்கள் பயந்தார்களாம்.
அப்பா குடிக்கமாட்டார்.
அந்தக் காலணிகளைப் பார்த்த அன்று மட்டும் குடித்தார்.

“ஆற்றில் போட்டாலும் அளந்து போடு”
என்கிறார் ஊர்மஸ், என் கணவர்.
சன்னலுக்கு வெளியே எங்கள் ஆறு
டிசம்பரிலிருந்து உறைந்து கிடக்கிறது.
எதைப் போட்டாலும் மேலேயே கிடக்கும்,
ஊரே பார்க்கும்படி.
“அளந்துதானே போடுகிறேன்,
பத்தில் ஒன்று.”

பிப்ரவரியில் கடிதம் வந்தது.
பணம் வாங்கிய ஒருத்தியைக் கேட்டு எழுதியது.
எசினாத்தி, வயது முப்பத்து நான்கு.
என் பணம்தான் என்று இல்லை,
பலர் சம்பளம் கலந்த பணம்.
பன்னிரண்டு தகடு, கூரைக்கு.
இரண்டு ஆடு. ஒன்று செத்துவிட்டது.
மைத்துனன் கடன். எதற்கென்று சொல்லவில்லை.
ஒரு நாற்காலி,
சிவப்பு பிளாஸ்டிக்.

ஊர்மஸ் கண்ணாடியைக் கழற்றினார்.
“நாற்காலியா?”

தானமாக வந்த மாட்டைப்
பல்லைப் பிடித்துப் பார்க்காதே என்பது
வாங்கியவருக்குச் சொன்னது.
கொடுத்த பிறகு
பல் எண்ண வருகிறவருக்கு
ஒரு பழமொழியும் இல்லை.

பதில் சொல்லாமல்
உருளைக்கிழங்கு எடுக்க நிலவறைக்கு இறங்கினேன்.
பனிக்கட்டியில் துளையிடும் துரப்பணம்
உறை பிரிக்காமல் நிற்கிறது அங்கே.
மீன் பிடிக்கப்போகிறேன் என்று அவர் வாங்கியது,
முந்நூற்றுப் பத்து யூரோ.
பக்கத்தில் என் ரொட்டி இயந்திரம்.
ஒரே முறை சுட்டது, நடுவில் மாவாக.
எங்கள் ஒன்பது பங்குக்குக் கணக்குக் கேட்டு
கையில் தாளோடு எவரும்
இந்தப் படியில் இறங்கி வந்ததில்லை.

இன்னொன்று. ஊர்மஸுக்குத் தெரியாது.
போன ஜனவரியில் கொதிகலன் உடைந்தபோது
பத்தை நான்காக்கினேன்.
மார்ச்சில் கடன் தீர்ந்துவிட்டது.
மே வரை திருப்பி மாற்ற மறந்தேன்.
மறந்தேன் என்றுதான் எனக்கே சொல்லிக்கொண்டேன்.
அந்த இரண்டு மாதம்
எந்த வீட்டில் கைப்பேசி ஒலிக்கவில்லை என்று
கடிதம் எதுவும் வரவில்லை.
ஒலிக்காதது
அந்த வீட்டுக்கே கேட்டிருக்காது.

மேலே வந்து கடிதத்தைத் திருப்பினேன்.
பின்பக்கம், மடிப்பில் பாதி மறைந்து
கடைசிக் கேள்வி: நாற்காலி எதற்கு?
“உட்கார” என்றாளாம்.
கேட்டவர் அப்போது
அதில்தான் உட்கார்ந்திருந்தாராம்.

ஊர்மஸுக்குப் படித்துக் காட்டினேன்.
சிரிக்கவில்லை.
ஒரு கிழங்கைத் தோலுரித்து முடித்து,
அடுத்ததை எடுத்துக்கொண்டு,
“ஆடு எப்படிச் செத்தது?” என்று கேட்டார்.