51208

இஸ்ஸதீன் ஒரு சொல்தான் சொல்லிவிட்டுப் போனார்:
"மீற்றர் வேலை செய்தால் வெள்ளிக்கிழமை காசு."
சம்மாந்துறையிலிருந்து பஸ் ஏறி வந்த மனிதர்
பொனற்றைத் திறக்கச் சொல்லவில்லை,
டயரை உதைக்கவில்லை.
கண்ணாடிக்குள் செத்துக் கிடந்த ஊசியைத்தான்
குனிந்து பார்த்தார்.

ஊசி பூச்சியத்தில் படுத்துப்
பதினேழு வருசம்.
எஞ்சின் முனகலை வைத்தும்
முந்திப் போகிற பஸ்காரனின் முகத்தை வைத்தும்
வேகத்தை நான் கணித்துக்கொண்டேன்.
உயர்தரத்துக்குக் கணிதம் படிப்பிக்கிறவள்,
இதுகூடத் தெரியாதா.

பெரியகல்லாறு. முற்றத்து மணலில் முதுகு,
மொரிஸ் மைனருக்குக் கீழே தலை.
கியர்பெட்டியிலிருந்து கேபிளை உருவினால்
பாதிதான் வந்தது.
மீதி உறைக்குள்ளே,
கருப்பட்டியாய் இறுகின கிறீஸில்.

புதுக் கேபிள் கொழும்பில் இருக்காம்,
விலை கேட்டால் இன்னொரு கார் வாங்கலாம்.
கல்முனையில் சாந்தரூபன்
பழைய ஹொண்டா சைக்கிள் கேபிள் ஒன்றைத் தந்தான்.
"நுனியைத் தட்டிச் சதுரமாக்குங்க ரீச்சர்,
நாலு பக்கமும் ஒத்துவந்தால் பிடிக்கும்."
பதினோராவது தட்டில் ஒத்துவந்தது.
ஐந்தாவது தட்டு
பெருவிரலில்.

மறுகா மீற்றரையும் பிரித்தேன்,
குசினி மேசையில் தவணைப் பரீட்சை வினாத்தாளை விரித்து.
உள்ளே சுற்றுவதற்கு ஒரு காந்தம்,
அதன்மேல் கவிழ்த்த அலுமினியக் கிண்ணி.
இரண்டும் தொடுவதில்லை.
தொடாமலே காந்தம் இழுக்க,
மயிரளவு சுருள்வில்
போகாதே என்று பிடித்துக்கொள்ள,
இழுபறி ஓய்கிற இடத்துக்குப் பெயர்
முப்பத்தைந்து.

கிண்ணி விளிம்பில் வெள்ளைப் பொருக்கு.
நாக்கில் வைத்துப் பார்த்தேன்.
துணியால் துடைத்தேன்.

கீழே ஐந்து இலக்கச் சில்லுகள்: 51208.
அச்சை இழுத்ததும் விரலுக்கு இளகிக் கொடுத்தன.
"பின்னுக்குத் தள்ளு,
ஆருக்குத் தெரியப்போகுது"
தோளுக்கு மேலால் நவநேசன்.
ஐந்தை மூன்றாக்கினேன்.
இருபதாயிரம் மைல்
ஒரு சத்தமும் இல்லாமல் போனது.
திருப்பி ஐந்துக்குக் கொண்டுவந்தேன்.
அதுவும் பொய்தானே.

வினாத்தாளின் பின்பக்கம் கணக்கு:
களுவாஞ்சிக்குடிப் பள்ளிக்குப் போக வர எட்டு மைல்,
வருசம் நூற்றித்தொண்ணூறு நாள்,
கொரோனாவுக்கு ஒன்றரை வருசம் கழித்து.
மாமியின் இரத்தச் சுத்திகரிப்புக்கு மட்டக்களப்பு,
நாற்பது மைல், தொண்ணூற்றாறு தரம்.
தொண்ணூற்றேழாவது தரம் தேவைப்படவில்லை.
உகந்தைக்கு ஒரு தரம், அறுபது,
திரும்பி வந்தது லொறியின் முதுகில், சேராது.
பெற்றோல் வரிசையில் கையால் தள்ளினது அரை.
இந்தச் சில்லுகளில் அரைக்கு இடமில்லை.

ஆகமொத்தம் இருபத்தேழாயிரத்து நானூற்றறுபது.

ஒன்று மிச்சம்.
அந்த ஞாயிறு காலை
கடல் இந்தக் காரைத் தூக்கிக்கொண்டு
எங்கள் வளவிலிருந்து களப்புக் கரைவரை போனது.
முந்நூறு யார்.
சில்லு ஒன்றும் சுற்றவில்லை.
பிறகு எஞ்சினை மூன்று தரம் கழுவினோம்,
சீற்றை வெயிலில் காயவைத்தோம்,
மீற்றரை ஒருவரும் நினைக்கவில்லை.
நினைக்க வேறு பெயர்கள் இருந்தன.

முந்நூறு யாரை எழுதி
அடித்துவிட்டேன்.

78668 வரை ஒவ்வொன்றாய் முன்னுக்குத் தள்ளினேன்.
"விசர்" என்றான் நவநேசன்.
ஆனாலும் கைபேசியைப் பிடித்துக்கொண்டு ஏறினான்,
கிலோமீற்றர் கல்லுக்குக் கல் "இப்போ!" என்று கத்தினான்.
அறுபது விநாடி.
ஊசி முப்பத்தேழில் நிற்கவேண்டும்,
முப்பத்தொன்பதில் நின்று கொஞ்சம் நடுங்கியது.
ஹொண்டாவுக்கு அவ்வளவு அவசரம்.

வெள்ளிக்கிழமை, தொழுகை முடிந்து இஸ்ஸதீன்.
குனிந்தார். நிமிர்ந்தார்.
"ஐம்பத்தொன்று என்றல்லவா இருந்தது?"
வினாத்தாளை நீட்டினேன்.
வரி வரியாகப் படித்தார்,
அடித்த வரியில் கொஞ்சம் நின்றார்,
ஐயாயிரம் குறைத்தார்,
தாளை மடித்துக் கார்ப் புத்தகத்துக்குள் வைத்தார்.

படலையடியில் நிற்கிறேன்.
போகும்போது 78670.
மாவடிப்பள்ளிப் பாலத்துக்குக் கிட்ட
ஒன்பது பூச்சியமாகும்,
பக்கத்து ஏழையும் இழுத்து எட்டாக்கும்.

றோட்டைப் பார்த்து ஓட்டுகிறாரோ,
அதைப் பார்த்துக்கொண்டு ஓட்டுகிறாரோ.