விதை எண் 4471

காலை எட்டேகாலுக்கு
நாலாயிரம் பேரைப் பிறப்பிக்கிறேன்.
கரடிப்போக்குச் சந்தி, உரக்கடைக்கு மேல்மாடி,
விசிறி சுற்றச் சுற்ற யூரியா மணக்கும் அறை.

பெயர், தகப்பன் பெயர், ஊர், குளம்:
மூன்று வருசத்துக்கு முன்
ஆஸ்பத்திரி மருந்துப் பதிவுக்கென்று
நான் தட்டிவைத்த பட்டியல்கள்.
பிறகு நூலகத்துக்கும் அவைதான்.
இப்போது உரமானியத்துக்கு.

அதனால் அல்போன்சம்மா
முதலில் சலரோகக்காரி.
அடுத்த வருசம் புத்தகம் திருப்பித் தராத ஆள்,
தண்டம் நாற்பது ரூபா.
இன்றைக்கு வன்னேரிக்குளத்தின் கீழ்
இரண்டேகால் ஏக்கர் விதைத்திருக்கிறா.
ஒருநாளும் பிறந்ததில்லை.

எழுந்தமானமாய் எடு என்றால்
கணினி கண்ணை மூடிக்கொண்டு அள்ளும்.
முதல் ஓட்டத்தில்
முழங்காவிலில் ஒருத்தி தன் தாய்க்கு மூத்தவள்.
ஒருவர் செத்த மறுவருசம் கடன் கேட்டிருந்தார்.
திருத்தினேன்.

விதை எண்ணை மாற்றாவிட்டால்
அதே நாலாயிரம் பேர், அதே வரிசையில்,
எத்தனை தரம் அழித்தாலும்
முளைத்து வருவார்கள்.
கண்டாவளையில் இதைச் சொன்னால் சிரிப்பார்கள்:
ஒரே விதைநெல்,
பக்கத்துப் பக்கத்து வயல்,
ஒன்றில் கதிர், ஒன்றில் பதர்.

பரிசோதிக்கிற பிரணவரூபன்
தேத்தண்ணியோடு வந்து திரையைப் பார்த்தான்.
"உண்மை மாதிரி இல்லை."
ஏன்?
"உன்ர ஆக்கள் எல்லாரிட்டையும் காணி உறுதி இருக்கு.
எங்க கண்டனி அப்பிடி ஒரு ஊர்?
வெறுமையும் போடு."

எத்தனை வீதம்?

அவன் தருமபுரத்தில் தன் வளவை நினைத்திருப்பான்.
நான் அம்மாவின் சூட்கேசை நினைத்தேன்,
அதில் மடித்துவைத்த விண்ணப்ப நகல்களை.
ஒரே நேரத்தில் இரண்டு பேரும்
வேறு வேறு எண் சொன்னோம்.
பேரம்பேசி முப்பத்தெட்டில் நின்றோம்.

ஓடவிட்டேன்.
பதினேழாவது வரியில் எல்லாம் நின்றது.
சிவப்பு எழுத்து:
உறுதி இலக்கம் இன்றித் தொடர முடியாது.

பிரணவரூபன் கோப்பையை வைத்துவிட்டுச் சிரித்தான்.
"இப்ப சரி.
இப்ப உண்மை மாதிரி இருக்கு."

பதினேழாவது வரியில் யார் என்று பார்த்தேன்.
அல்போன்சம்மாதான்.
மருந்து வாங்கியபோதும் புத்தகம் எடுத்தபோதும்
இவவிடம் ஒருவரும் உறுதி கேட்கவில்லை.

வழுச்சீட்டை நிரப்பினேன்.
எங்கே நின்றது, எப்படி நின்றது,
திரும்பச் செய்தால் திரும்ப நிற்கிறதா. ஆம்.
கடைசியில் அவசரம் எவ்வளவு என்று கேட்டது.
அதற்கும் ஒரு பட்டியல்:
குறைவு, நடுத்தரம், உயர்வு.

சோதனைத் தரவுதானே,
நடுத்தரம் போதும் என்பது அலுவலக வழக்கம்.

யன்னலுக்கு வெளியே இரணைமடுப் பக்கம்
மழை கறுத்து வந்தது.
கீழே கடைக்காரர்
உரமூட்டைகளைப் படங்கால் மூடிக்கொண்டிருந்தார்.
காலபோகம். விதைப்புக்கு இன்னும் ஒன்பது நாள்
என்று அவவின் வரியில் நான்தான் போட்டிருந்தேன்.

உயர்வு என்று தெரிவுசெய்தேன்.