வெறும் வண்டி

சங்ககிரிப் பிரிவில், பெட்ரோல் பங்குக்கு அக்கட்டால
எடைமேடை.
மாதம் பதினோராயிரத்துக்கு
ஜன்னலோரம் உட்கார்ந்திருக்கிறேன்.
எதிரே கம்ப்யூட்டர், கீச்சிடும் பழைய பிரிண்டர்.

வெடியால அஞ்சே முக்காலுக்கு அந்த வண்டி ஏறியது.
வாங்கினவர் நெற்றியில் புதுப் பெயின்ட் அடித்திருக்கிறார்.
பெயின்டுக்கு அடியில்
என் மகளின் பெயர் தடித்துத் தெரிகிறது
ஆறின அம்மைத் தழும்பு மாதிரி.

வெறும் வண்டி: 9,860.

அதே எண்.
அவர் ஓட்டின நாலு வருசமும் இதேதான்.
நாக்பூருக்கு இந்தப் பக்கம், ஏதோ ஒரு டாபா வாசலில்,
ஸ்டியரிங் மேல் தலைசாய்த்துக் கிடந்தவரைக்
கிளீனர் பையன் எழுப்பி எழுப்பிப் பார்த்துவிட்டு
எனக்குப் போன் அடித்த அந்த மத்தியானமும்
மேடையில் ஏற்றியிருந்தால்
இதைத்தான் காட்டியிருக்கும்.
பத்துப் பத்துக் கிலோவாகத்தான் அதற்கு எண்ணத் தெரியும்.

"கொஞ்சம் எறங்குங்க தம்பி."
"ஏனுங்க்கா? எல்லா எடத்துலயும் உக்காந்துட்டேதான போடறாங்க?"
"எறங்குங்க."

இறங்கினான். துண்டை உதறித் தோளில் போட்டான்.
எண் தடுமாறி நின்றது.
9,790.
எழுபது கிலோ.
ஒரு மூட்டை சிமெண்டு, அதற்கு மேல் ஒரு வாளித் தண்ணீர்.
அவ்வளவுதானா
என்று கேட்க யாருமில்லை.

கல்யாணமாகிப் பதினாறு வருசம்
அவர் பெயரை வாய்விட்டுச் சொன்னதில்லை.
ரசீதில் டிரைவர் என்கிற கட்டத்தில்
விரல்தான் சொல்லும்.
முதல் தடவை வாய் சொன்னது
போனில் இந்திக்காரப் போலீஸ் கேட்டபோது.
அவருக்கு விளங்கவில்லை.
செங். கோட்டு. வேல்.
மூன்று முறை,
ஒவ்வொரு முறையும் இன்னும் சத்தமாக.
பொடக்காளியில் துணி துவைத்துக்கொண்டிருந்த
மாமியார்
குழாயை நிறுத்திவிட்டு நின்றது
இங்கிருந்தே தெரிகிறது.

வண்டி நம்பரை அடித்தேன்.
கம்ப்யூட்டர் தானாகவே பெயரை நிரப்பியது.
அழிக்கிற பொத்தான் மேல் விரலை வைத்தேன்,
எடுத்தேன்.

பையன் ரசீதை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தான்.
"இந்தப் பேரு நானில்லீங்களே?"
"பேரு பழசு. எடை சரிதான்."
மடித்துப் பையில் வைத்துக்கொண்டு போனான்.

பின்னால் ஹாரன்.
குச்சிக்கிழங்கு லோடு,
நேற்று ராத்திரி மழையில் பிடுங்கினது.
மண்ணோடு சேர்த்துத்தான்
ஏற்றியிருக்கிறார்கள்.