மூன்றாம் பாகம், இரண்டாம் கியர்

மூன்றாம் பாகம் இழுவை என்றேன் நான்.
முந்நூறு பக்கமும் ஒரே நடை.
உப்புப் பாலையைக் கடக்கிறார்கள், கடக்கிறார்கள்,
செருப்பு தேய்கிறது, கழுதை சாகிறது,
கடந்தபாடில்லை.
என்னிடம் கொடுத்திருந்தால்
இருபது பக்கத்தில் அக்கரை சேர்த்திருப்பேன்.

மாதேசன் லாரிக் கதவில் சாய்ந்தபடி சிரித்தார்.
காவேரிப்பட்டணத்து மாங்கூழை டின் டின்னாய் ஏற்றிக்கொண்டு
கொச்சிக்குப் போகிறவர்.
புத்தகத்தைக் கையில் தொட்டதில்லை,
ஒன்பது பாகத்தையும் காதால் முடித்தவர்.
"இருபத்தஞ்சு டன்னை ரெண்டாம் கியர்ல புடிச்சிக்கிட்டு
தொப்பூர் எறக்கத்துல எறங்கிப் பாரும்மா.
அவங்க மெதுவா நடந்தாத்தான்
எனக்கு பிரேக்குல கால் நிக்கும்."

இதெல்லாம் ஒரு விமர்சனமா என்றேன்.
உயிரோட வந்து சொல்றேன்ல என்றார்.

அரசியின் பெயரில் எங்களுக்குத் தீராத வழக்கு.
அச்சில் இருப்பது ஆழ்மி.
ஒலிநூலில் வாசிக்கிறவருக்கோ
நாற்பத்தொரு மணி நேரமும் ஆள்மி.
என் ஆழ்மி கிணற்றடியில் இருப்பவள்,
குனிந்து பார்த்தால்தான் முகம் தெரியும்.
அவருடைய ஆள்மி ஆளவே பிறந்தவள்.
ஓர் எழுத்து நழுவியதில்
ஒரே சிம்மாசனத்தில் இரண்டு பெண்கள்.
பாய்லர் வெங்கடேசப்பா வீட்டில் தெலுங்கு,
அவர் ஆல்மி என்பார்.
மூன்றாவதாக ஒருத்தி
ஓரமாய் வந்து நின்றுகொண்டாள்.

ஆறாம் பாகத்தில் குரல் மாறியது.
பழையவர் என்ன ஆனாரென்று யாரும் சொல்லவில்லை.
புதியவருக்கு ழகரம் சுத்தம்,
ஆனால் செய்தி வாசிப்பதுபோல்
ஆட்களைக் கொன்றார்.
எழுபது வயதுத் தளபதி
கல்லூரிப் பையனாய்ப் பேசினான்.
அந்த நடையில் மாதேசன்
வெறும் இன்ஜின் சத்தத்தோடு பாலக்காடு வரை போனாராம்.
"தளபதி எட்டாம் பாகத்துல சாவுறான்னு
உன் புஸ்தகத்துல இருக்கலாம்.
எனக்கு அஞ்சோட செத்துட்டான்."
எனக்கு ஒன்றும் மாறவில்லை.
என் தளபதி
எங்கள் பழைய மேனேஜரின் இருமலோடு
கடைசி வரை என் தலைக்குள் பேசினான்.

வெங்கடேசப்பா கட்சி வேறு.
"பாரதக் கூத்தையே பதினெட்டு நாள்ல முடிச்சு
துரியோதனனைப் படுக்க வச்சிடறாங்க.
இந்த ஆளுக்கு எதுக்குப் பதினாறு வருஷம்?"
சொல்லிவிட்டு,
பத்தாம் பாகம் எப்போது என்றும் கேட்பார்.

ஜூன் மாதம், இரவு ஷிஃப்ட்.
பழம் பிரிக்கும் பெல்ட்டருகே
யாரோ செல்லை ஸ்பீக்கரில் போட்டுவிட்டார்கள்.
ஏழாம் பாகம், ஆற்றங்கரைப் பெரும்போர்.
முரசு, யானை, எரியும் பாலம்.
பூங்காவனத்துக்கு முன்கதை எதுவும் தெரியாது.
அழுகல் ஒன்றை எடுத்து வீசியபடி கேட்டாள்:
"பத்து லட்சம் பேரு வந்திருக்கானுவளே,
ஒருத்தனும் ஒல வச்சதாத் தெரியலையே?"
பெங்களூரா பெல்ட்டில் உருண்டுகொண்டே இருந்தது.
எங்கள் மூவரிடமும் பதில் இல்லை.
அதற்குப் பிறகு எந்தப் போரைப் படித்தாலும்
நான் அடுப்பைத் தேடுகிறேன்.

ஒன்றை இங்கே ஒப்புக்கொள்ள வேண்டும்.
ஒன்பதாம் பாகத்தின் முடிவில்
அரசி ஒரு சொல்லை முணுமுணுத்துச் சாகிறாள்.
ஏதோ தெய்வத்தின் பெயரென்று நினைத்து
பரிசோதனை அறையில் உட்கார்ந்து
மூக்கைச் சிந்திச் சிந்தி அழுதேன்.
பிரிக்ஸ் அளவைத் தப்பாய் எழுதி
திட்டும் வாங்கினேன்.

"தெய்வமா?" என்றார் மாதேசன்.
"அது அந்தக் கழுதை பேரும்மா."

உப்புப் பாலையில்
நான் விரலை நனைத்துத் தள்ளிய பக்கங்களில்
அதற்குப் பெயர் வைத்திருக்கிறார்கள்.
ஒரு கிழவன் தன் பங்குத் தண்ணீரை
அதற்கு ஊற்றியிருக்கிறான்.
சிறுமியாய் ஆழ்மி
அதன் காதைப் பிடித்துக்கொண்டு தூங்கியிருக்கிறாள்.
ஸ்டியரிங்கில் இருந்த கைகளால்
தள்ள முடியாமல்போன பக்கங்கள்.

மூன்றாம் பாகத்தை மறுபடி எடுத்திருக்கிறேன்.
ஒரு பேட்சுக்கும் அடுத்ததற்கும் நடுவில்
நான்கு பக்கம், சில நாள் இரண்டு.
இன்னமும் இழுவைதான், அதில் மாற்றமில்லை.
நேற்று நூற்றுப் பன்னிரண்டாம் பக்கம்.
கழுதை நடந்துகொண்டிருக்கிறது.